மஞ்சள் படகு திரும்பவில்லை

பதினான்கு அடி. ஃபைபர் ஓடு, பின்பலகை மட்டும் மரம்.
ஏலத்தில் எங்களைத் தவிர யாரும் கை தூக்கவில்லை.
காரை வெளியே பனியில் தள்ளிவிட்டு
கொட்டகைக்குள் அதைக் கவிழ்த்துப் போட்டோம்.
மார்ச் முழுக்க
கார் நனைந்தது, படகு காய்ந்தது.

சுன்னிவா ஸ்க்ரூடிரைவரால்
பின்பலகையைக் குத்திப் பார்த்தாள்.
கேக்கில் கத்திபோல இறங்கியது.
"மோட்டாரைத் தாங்க வேண்டிய இடம் இது," என்றாள்,
ஏனோ என்னைப் பார்த்து.

வெட்டி எடுத்தோம்.
ஈரப் புகையிலை போல உதிர்ந்தது.
புதுப் பலகை, எபாக்ஸி, வீட்டிலிருந்த அத்தனை இடுக்கிகளும்;
போதாததற்கு அவளுடைய தையல் மெஷின், பாரத்துக்கு.

பிறகு தேய்ப்பு.
எண்பதாம் நம்பர் தாள், நூற்றிருபது, இருநூற்று நாற்பது.
முகமூடியைக் கழற்றினால்
மூக்கைச் சுற்றி மட்டும் மனிதர்கள்.
ரொட்டியில் தூசி, தலையணையில் தூசி.
எங்களுக்கு முன் யாரோ அடித்த சிவப்பு,
அவருக்கும் முன் யாரோ அடித்த பச்சை,
அடியில் தொழிற்சாலையின் வெள்ளை.
யாருக்கும் முந்தினவர் நிறம் பிடிக்கவில்லை போலும்.

எங்களுக்கோ பக்கத்திலிருப்பவர் நிறம்.

நான் சாம்பல் நீலம் என்றேன்:
மேகம் கவிந்த நாளில் கானாங்கெளுத்தியின் முதுகு.
அவள் மஞ்சள் என்றாள்:
தொலைந்தால் கண்டுபிடிக்கிற நிறம்.
"ஒளிந்துகொள்ள உனக்கொரு படகு வேண்டும்."
"ஊரைக் கூப்பிட உனக்கொரு படகு வேண்டும்."
மூன்று நாள் கொட்டகைக்குள்
உப்புத்தாள் மட்டும் பேசியது.

நான்காம் நாள் மாலை போய்ப் பார்க்கிறேன்,
இடப்பக்கம் முழுதும் மஞ்சள்.
மூக்கிலிருந்து பின்பலகை வரை டேப் ஒட்டி
நடுக்கோட்டில் மயிரிழை பிசகாமல் நிறுத்தியிருந்தாள்.
வலப்பக்கம், ஸ்டூல்மேல்,
மூடியைக்கூடத் திறந்து வைத்து,
என் டப்பா. என் பிரஷ்.

அடித்தேன்.
பத்து டிகிரிக்குக் கீழே பெயின்ட் காயாது என்பதால்
படுக்கையறை ஹீட்டரைப் படகுக்குக் கொடுத்துவிட்டு
ஒரே கம்பளிக்குள் படுத்தோம்.
சமாதானம் என்று அதைச் சொல்ல மாட்டேன்.
குளிர்.

குப்பைத்தொட்டியில் தண்ணீர் நிரப்பி
மோட்டாரை அதில் நிறுத்தி இழுத்தோம்.
ஒன்பதாவது இழுப்பில் இருமல்,
பதினாறில் நீலப் புகை,
அப்புறம் அந்தச் சின்னத் துளை வழியே
பையன் சுவரோரம் ஒன்றுக்குப் போவதுபோல
மெல்லிய, வளைந்த நீர்க்கோடு.
சுன்னிவா கைதட்டினாள்.

மே பதினொன்று, இறக்கினோம்.
மிதந்தது.
ஃபியோர்டின் வாய்வரை போய்
ஒரு காட் மீன், ஃபிளாஸ்க் நிறையக் காபி,
பாதிக்கு மேல் மௌனம்.
ஒன்பதரைக்கு வீடு, வெளிச்சம் இன்னும் மிச்சம்.

பத்தே முக்காலுக்குக் கதவு தட்டப்பட்டது.
ஆரஞ்சு உடுப்பில் ஒரு பெண், மீட்புப் படகிலிருந்து,
அக்குளில் தலைக்கவசம்.
"எதிர்க்கரை தோர்லைஃப் போன் செய்தார்.
ஆறு மணிக்கு ஒரு மஞ்சள் படகு வெளியே போனதாம், இரண்டு பேர்.
அப்புறம் ஒரு நீலப் படகுதான் உள்ளே வந்ததாம்.
ஜன்னலை விட்டு எழவே இல்லையாம் மனிதர்.
மஞ்சளை நீங்கள் எங்கேயும் பார்த்தீர்களா?"

துறைக்கு அழைத்துப் போனோம்.
கயிற்றைப் பிடித்து மெல்லத் திருப்பிக் காட்டினேன்.
நீலம்.
மஞ்சள்.
அந்தப் பெண் சிரிக்கவில்லை.
ரேடியோவை வாயருகே கொண்டுபோய்,
"இரண்டு பேரும் பத்திரம்," என்றார்.
கொஞ்ச நேரத்தில் எதிர்க்கரையில்
ஒரு விளக்கு அணைந்தது.

மறுபடி பெயின்ட் அடிக்கலாம்தான்.
அடிக்கவில்லை.
திரும்பும்போதெல்லாம்
தோர்லைஃப் வீட்டுக்கு நேராக
ஒரு முழு வட்டம் போடுகிறோம்,
பெட்ரோல் வீண்தான்.
சுக்கான் சுன்னிவா கையில் இருந்தால்
அவள் பக்கம்
கொஞ்சம் அதிக நேரம் தெரிகிறது.