மீதி

கணப்பில் நிலக்கரி அள்ளிப் போட்டுவிட்டு
மருமகள் வெளியே போய்விடுகிறாள்.
அறையில் லுவ்சானும் நானும் புகைநெடியும்.

"எங்க வந்திருக்கோம்?"

முதல் நாள் சொன்னேன்:
வீட்டில்தான் இருக்கிறீர்கள், உங்கள் கட்டிலில்.
முப்பது வருஷம் லாரி ஓட்டியவர்
வழி தெரியாத க்ளீனரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.
பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

உலான்பாத்தரை விட்டு மேற்கே நான் போனதே இல்லை.
அவருடைய பழைய கூட்டாளி கன்போல்ட்
ஃபோனில் ஊர்ப்பெயர்களைச் சொல்லச் சொல்ல
மார்ஃபின் அட்டையின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்,
எங்கே ஆற்றில் இறங்கக் கூடாது,
எந்தச் சாப்பாட்டுக்கடைக்காரி கடன் தருவாள் என்பது உட்பட.
முன்பக்கம் நான்கு மணிக்கொரு கட்டம்.
பின்பக்கம் சாலை.

"எங்க வந்திருக்கோம்?"
லூன் தாண்டியாச்சு.
"காத்து?"
எதிர்க்காத்து இல்லை.
தலையசைத்தார்.

முதுகில் புண் வராமலிருக்கப் புரட்டும்போது
வளைவு வருது, பிடிச்சுக்கோங்க என்பேன்.
என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார்.

விழுங்க முடியாமல் போனபின்
உப்புத் தேநீரைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு
உதட்டில் வைத்தேன். நாக்கு கொஞ்சம் தேடியது.
"இது அர்வைகேர் டீ இல்ல."
அவர் பேசிய கடைசி முழு வாக்கியம் அதுதான்.
அப்புறம் வெறும் "எங்க".
அப்புறம் புருவம் மட்டும்.

அல்தையில் சிறுநீர் நின்றது.
பாதங்களில் நீலம் படர்ந்தது.
மேட்டில் கியர் மாற்றுகிற வண்டிபோல
மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே ஓர் இடைவெளி.
எண்ணினேன். பதினொன்று. பதினாறு.

தார்வி, என்றேன் காதருகே.
காது கடைசியில்தான் போகும் என்று
பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள்.
போய்த் திரும்பி வந்து சொன்னவர் யார்?

இருபது வரைக்கும் எண்ணினேன்.
அறுபது வரைக்கும்.

மருமகள் கணப்பை அணைத்தாள்.
அறை குளிரத் தொடங்கியபோது
அவள் முன்னால் மருந்தை எண்ணிக் கையெழுத்திட்டேன்.
மீதி: ஊசிக்குப்பி ஆறு.
அட்டையைத் திருப்பினால்
மன்கான், கோவ்த்
இரண்டு ஊரும் மீதி.
அதை எழுதப் படிவத்தில் இடமில்லை.

பஸ் நிறுத்தத்தில் மைனஸ் இருபத்தெட்டு.
கையுறையைப் பல்லால் கழற்றி
கன்போல்டுக்கு ஃபோன் செய்தேன்.
எப்போது என்று கேட்கவில்லை அவர்.
"எதுவரைக்கும் போனீங்க?" என்றார்.

தார்வி.

இருமினார். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பஸ் வந்து கதவு திறந்தது.

"பரவால்ல. அதுக்கப்புறம் இறக்கம்தான்.
நியூட்ரல்ல விட்டாலே போயிடும்."