நூற்றுப் பதினான்கு

டெண்டரில் 'பொலார்டு' என்றிருந்தது.
என் ஆட்கள் குட்டைக்கல் என்றார்கள்,
ராய்ச்சூர்க்காரர்கள் கம்பா.
அல்சூர் ஏரிச் சாலைக்கு நூற்றுப் பதினான்கு,
கிரானைட்,
முழங்காலுக்கு மேல் ஒரு சாண்.
நடைபாதையில் ஏறும் பைக்குகளுக்காக.

கல் நடுவது பெரிதில்லை.
இடைவெளிதான் வேலையே.

பிளான்டினா அப்படித்தான் அறிமுகம்.
மர்பி டவுனிலிருந்து சக்கர நாற்காலியில்,
மடியில் டிபன் பை, கழுத்தில் வங்கி அட்டை.
சிமெண்டின் ஈரத்துக்கு முன்னால் நின்று கேட்டாள்:
"எனக்கா போட்டீங்க இதை?"
டேப்பை நீட்டினேன். அறுபது.
சக்கரத்தோடு அவள் விரல் கணுக்களையும் சேர்த்தால்
அறுபத்தெட்டு.
"கையைக் கழட்டி வச்சிட்டுப் போகவா?"

அன்றிரவு பஸ் ஜன்னலில்
வேறெதுவும் கண்ணில் படவில்லை.
டெக் பார்க் வாசலில் ஒரு வரிசை,
காரைப் பார்த்துத் தரைக்குள் பதுங்கும்,
கால்நடையாய் வருபவனைக் கண்டால் நிமிரும்.
சந்து முனையில் பூட்டுப் போட்ட இரும்பு;
ஆம்புலன்ஸ் வந்தால் கழற்றவாம்.
சாவி யாரிடம்?
மேம்பாலம் பிரியுமிடத்தில் ஆரஞ்சு ரப்பர்,
லாரி மிதிக்க மிதிக்கக்
குனிந்து எழுந்து குனிந்து.
சர்ச் தெரு உருண்டைக்கல்லில்
இரண்டு பேர், ஒரு ஐஸ்கிரீம்.
கோயில் பக்கம் வீட்டு மூலையை
வண்டி அச்சு உரசாதிருக்க
எவனோ சாய்த்து நட்ட கல்லுக்கு
மஞ்சள் பூசிவிட்டார்கள்.
அதை இனி மாநகராட்சியாலும் அசைக்க முடியாது.

"தொண்ணூறு விடணும், ரூல் இருக்கு," என்றார் இன்ஜினியர்.
தொண்ணூறு விட்டால் பைக் வரும் சார்.
"வரும்," என்றார்,
போனைப் பார்த்தபடி.

ஒன்றைப் பிடுங்கினேன். மூன்றை நகர்த்தினேன்.

சாயங்காலம் அவள் வந்தாள்.
இரண்டு கல்லுக்கும் நடுவே உராயாமல் நுழைகையில்
எதிரே ஒரு டெலிவரிப் பையன்,
முதுகில் பெட்டி, விரல் ஹாரனில்.
அவள் ஏறிட்டுப் பார்த்தாள்.
பிரேக் கட்டையை அழுத்தினாள்,
இடது பக்கம், பிறகு வலது.
மடியில் டிபனைத் திறந்து
மிச்சமிருந்த லெமன் சாதத்தை
நிதானமாக
ஒரு பருக்கை விடாமல்.

ஹாரன் ஓய்ந்தது.
அவன் இறங்கி
வண்டியைப் பின்னால் தள்ளிக்கொண்டே
தார்ச்சாலைக்குப் போனான்.

பில்லில் எண்ணை நான் மாற்றவில்லை.