டிரைவர் வெளியே காத்திருக்கிறார்

சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டேன்.
பழைய வைரஸ், பழைய கோப்பு,
யாரோ ஒட்டிவைத்த கால்பந்து அணியின் வால்பேப்பர்
எதுவும் மிச்சமில்லை.
பெயின்ட் வாசம் போகாத வீடு மாதிரி நீலத் திரை.
லேபிள் பிரிண்டர் மட்டும்
யார் வீடோ என்று வாசலிலேயே நின்றது.

கெயோன். இரவு ஒன்பதே கால்.
நெடுஞ்சாலை தீர்ந்துபோய்க் கடலாகிற ஊர்.
சிப்பி ஆலையின் தகரக் கூரைமேல்
ஞாயிற்றுக்கிழமை பிடித்த மழை.
உள்ளே ஐஸில் முந்நூற்று நாற்பது பெட்டி.
அறுவடைத் தேதி அச்சிட்ட லேபிள் இல்லாமல்
ஒன்றுகூட வாசல் தாண்டாது.
விடிவதற்குள் அவை புவெர்ட்டோ மோன்ட் சேர வேண்டும்.

'டிரைவர் கிடைக்கவில்லை' என்றது திரை.

டிரைவர் வெளியேதான் இருந்தார்.
டெசிடேரியோ பார்ரியா,
லாரிக்குள் கால் நீட்டி மாத்தே உறிஞ்சிக்கொண்டு,
கால் மணிக்கொரு ஹாரன்.

மறுபடி முயன்றேன்.
'ஆகச் சிறந்த டிரைவர் ஏற்கெனவே உள்ளது.'
இல்லாத ஆளுக்கு இத்தனை புகழ்ச்சி
இரங்கல் கூட்டத்தில்தான் கேட்டிருக்கிறேன்.

'இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்.'
சரிபார்த்தேன். கேபிளைப் பிடுங்கி ஊதிச் செருகினேன்.
வேறு கேபிள். வேறு துளை.
பிங் அடித்தால் சாந்தியாகோ
கூப்பிட்ட குரலுக்கு ஏன் என்கிறது.
திரை மட்டும் இல்லவே இல்லை என்றது.

போனில் இறக்கி, பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன்.
'கோப்பு சிதைந்துள்ளது.'
மூன்று முறை இறக்கினேன், மூன்று முறையும் சிதைந்தது.
அதே கோப்பு மேலாளரின் மடிக்கணினியில்
கல்லுக்குண்டு மாதிரி திறந்தது.

பல்லில் வலி, காதைக் காட்டி அழும் பிள்ளை.
நானும் இரண்டு மணி நேரம்
காதையே குடைந்துகொண்டிருந்திருக்கிறேன்.

ரப்பர் பூட்ஸோடு வந்து நின்றாள்
லேபிள் ஒட்டுகிற ரோசால்பா மில்யலோங்கோ.
சிவப்பு எழுத்தை அவள் பார்க்கவே இல்லை.
திரையின் கீழ் மூலையைப் பார்த்தாள்.
"இன்னைக்கு ஜனவரி ஒண்ணாமே?
அப்ப லீவுல்ல தரணும் எங்களுக்கு?"

ஜனவரி ஒன்று.
இரண்டாயிரத்து ஒன்பது.

அங்கேதான் உட்கார்ந்திருந்தது பெட்டி.
டிரைவரின் கீழே கம்பெனி போட்ட கையெழுத்து
போன வருஷத்தது.
இன்னும் பிறக்காத ஒருவன் போட்ட கையெழுத்தை
எந்த வங்கிக்காரன் ஏற்பான்?
அது சந்தேகப்பட்டது நியாயம்தான்.
'தேதி தப்பு' என்கிற இரண்டே சொல்
வாயில் வராததுதான் கோபம்.
இல்லை, உண்டு, வலை அறுந்தது, கோப்பு அழுகியது,
என்னவெல்லாமோ வந்தது.

தேதியை மாற்றினேன்.
மழைக்கு ஒருமுறை மின்சாரம் கண் சிமிட்டியது.
மறுபடி ஜனவரி.

மூடியைக் கழற்றினால்
உள்ளே காசு வட்டத்தில் ஒரு பேட்டரி,
எப்போது செத்ததோ, பச்சை பூத்திருந்தது.
அந்த நேரத்தில் ஊரில் எந்தக் கடை?

நனைந்துகொண்டே போய் லாரிக் கதவைத் தட்டினேன்.
"சாவியைக் கொடுங்க."
"நீயா ஓட்டப்போற?"
"உள்ள இருக்கிற பேட்டரி போதும்."
சாவியை நகத்தால் பிளந்து தந்தார்,
மனுஷன் பல்லைப் பிடுங்கிக் கொடுப்பது போல.
"பட்டனை அமுக்கினா கதவு திறக்காதே?"
"கையால திறக்கும்."
"இருபது வருஷமா எனக்குக் கை வேலை செஞ்சதில்ல பாரு"
என்று என் அம்மாவை நினைவுகூர்ந்தார்.

பத்து ஐம்பதுக்கு பிரிண்டர் தொண்டையைச் செருமியது.
முதல் லேபிள் கோணலாக வந்தது.
தேதி நேராக இருந்தது.
ரோசால்பா அதைத் தன் முழங்கையில் ஒட்டிக்கொண்டு
இரண்டாவதற்குக் கை நீட்டினாள்.

பில்லில் 'கோளாறு' என்ற கட்டத்தில்
ஜனவரி என்று எழுதினேன்.
மேலாளர் விளக்கம் கேட்டார்.
தூக்கம் வந்தது எனக்கு.

காலையில் டெசிடேரியோவுக்கு போன் போட்டேன்,
சேர்ந்தாரா என்று.
'நீங்கள் அழைத்தவர் தொடர்பு எல்லைக்கு வெளியே' என்றது
ஒரு பெண் குரல், எந்தச் சந்தேகமும் இல்லாமல்.

நான் நம்பவில்லை.
எல்லைக்குள்தான் இருப்பார்.
இரண்டு கையும் பூட்டில், போன் பையில்,
மழையில் என்னைத் திட்டிக்கொண்டு.