நிரந்தர வதிவிடம்

பஞ்சிகாவத்தையில், ஜுனைத்தின் கராஜில்,
சீற்றெல்லாம் கழற்றிப்போட்ட பின்னேரம்
இவர் வானுக்குள் ஏறி நின்று "ஓய்" என்றார்.
வானும் "ஓய்" என்றது.
அறுபத்தேழு வயது மனிசன்
இன்னொருக்கால் சொல்லிப் பார்த்தார்.

மடித்தால் மேசை, விரித்தால் கட்டில்.
தண்ணீருக்கு நாற்பது லீற்றர் கான்.
காஸா மண்ணெண்ணெயா என்று
இரண்டு நாள் சண்டை; காஸ் வென்றது.
"கக்கூஸ்?" என்று கேட்டேன்.
"காலி வீதி முழுக்க பெற்றோல் செட் இரிக்கி, அன்ரி"
என்றான் ஜுனைத்,
மனிதப் பிரச்சினைகள் அத்தனையும்
அந்த வரியோடு தீர்ந்ததுபோல.

நாங்கள் இருப்பது ஹமர்பெஸ்ற்றில்.
கார்த்திகையில் போகிற சூரியன்
தைப்பொங்கலுக்கும் வராது,
ஒரு கிழமை பிந்தித்தான் வரும்.
சூரியனுக்குப் பொங்கிய பொங்கலை
இருபத்தாறு முறை
ஜன்னல் இருட்டுக்குப் படைத்திருக்கிறேன்.
மிச்ச நாட்களில் மீன் வெட்டினேன்.
கொட் மீனின் குளிர்
வலதுகை இரண்டு விரலில் இன்னும் இருக்கிறது,
கொழும்பு வெயிலுக்கும் அது இறங்கவில்லை.

பென்சன் வந்த கிழமை இவர் வரைபடம் விரித்தார்.
களுத்துறை, ஹிக்கடுவை, மாத்தறை,
கடைசியில் தேவேந்திரமுனை வெளிச்சவீடு.
"அதுக்கங்கால தெற்கே இல்லை" என்றார்.
மாசி முடியுமட்டும் வீடு வேண்டாம்,
சொந்தக்காரர் வேண்டாம்,
எங்கே நிறுத்துகிறோமோ அங்கே கோப்பி.

தெஹிவளைப் பாலத்தில் கிளச் போனது.
வெளிக்கிட்டு அரை மணித்தியாலம்.

இழுத்துவந்து விட்ட இடம்
வெள்ளவத்தை, மரீன் டிரைவ்,
ரயில் பாதைக்கு இந்தப் பக்கம்.
சாமான் ஜப்பானிலிருந்து வருகுதாம்.
பாணந்துறை ரயில் போகும்போது
சட்டிக்குள் பருப்பு நடுங்கும்.
எதிர் மாடியில் ஒரு மனுசி
எங்கள் உடுப்புக் கொடியை எண்ணிக்கொண்டு நின்றா.
நான் கையை ஆட்டினேன்.
உள்ளே போய்விட்டா.

ஐந்தாம் இரவு, கண்ணாடியில் தட்டு.
டோர்ச் வெளிச்சம்.

எண்பத்தாறில், கொட்டாஞ்சேனை லொட்ஜில்,
ஆறு பெண்கள், ஓர் அறை,
ஏஜென்சிக்காரனுடைய "நாளைக்கு".
அப்போதும் இதே உயரத்தில் இந்த வெளிச்சம்.
ஏன் வந்தாய், யாரைத் தெரியும்,
எப்ப போவாய்.
போயிடுவோம் ஐயா, போயிடுவோம் என்று
ஆறு வாயும் சொன்னது.
நான் சொன்னபடியே செய்தேன், பாருங்கள்,
பூமி முடிகிற இடம்மட்டும் போனேன்.

இப்போது கடவுச்சீட்டு நோர்வேயுடையது.
அதை எடுக்கப்போன கை
தலையணைக்குக் கீழே
முப்பத்தெட்டு வருசத்துக்கு முந்திய
அடையாள அட்டையைத் தேடியது.

"கவத்த யன்னே?" என்றான் பொலிஸ்காரன்.
எப்ப போறீங்கள்.
கிளச் வந்தவுடன், என்றார் இவர்,
அரைகுறைச் சிங்களத்தில், மிச்சம் கையால்.
பொடியன். இருபத்தைந்து இருக்காது.
குப்பை லொறி ஐந்து மணிக்கு வரும்,
இந்த இடம் அதற்கு வேணும், அவ்வளவுதான்.
பிறகு தலையை உள்ளே நீட்டி
கட்டில் மடிகிற விதத்தைப் பார்த்தான்.
எவ்வளவு முடிந்தது என்று கேட்டான்.
இவர் இரண்டுதரம் மடித்துக் காட்டினார்.

எனக்குப் பயம் போகவில்லை.
கோபம்தான் வந்திருக்க வேணும்,
அது எங்கேயோ நிற்கிறது,
பிந்தி வரும்.

நாலே முக்காலுக்குத் தள்ளினோம்.
இவர் ஸ்டியரிங்கில்;
பின்னால் பொலிஸ்காரனும், நைற்றியோடு நானும்.
முதலில் மறுத்தது. பிறகு அசைந்தது.
இரண்டு தென்னை தாண்டி நின்றது,
தெற்கே முப்பது அடி இருக்கும்.
இவர் குதித்திறங்கி
"வெளிக்கிட்டாச்சு" என்று கடலுக்கு அறிவித்தார்.
பொடியன் சிரித்தான்.
எனக்கும் வந்தது.

என் ஒரு செருப்பு
பழைய இடத்திலேயே கிடந்தது.
அதன்மேல் வெளிச்சம் அடித்தபடி
லொறி வந்துகொண்டிருந்தது.