கூடை, கூடை, கூடை

சுவாவ்கி நகரம். பிப்ரவரி.
காலை ஒன்பதாகியும் தெருவிளக்கை அணைக்க
யாருக்கும் மனம் வரவில்லை.

மேசைமேல் மூன்று அட்டைகள்:
மஞ்சள் அலகோடு ஒரு கரும்பறவை,
ஒரு பிரம்புக் கூடை,
புல்வெளியில் நீளப் பிடி அரிவாள்.

போலந்து மொழியில் மூன்றுக்கும் தலை ஒன்றுதான், கோ.
வாலில்தான் வழக்கு.
பறவை என்றால் கோஸ். கூடை என்றால் கோஷ்.
மூன்றாவது, புல்லை அறு என்கிற ஏவல்,
நாக்கை அண்ணத்தில் ஒட்டி
இரண்டுக்கும் நடுவே மெல்லச் சீற வேண்டும்.
அதற்கு என்னிடம் எழுத்தில்லை.
ழகரத்தைக் காட்டி ஊராரை விரட்டியவர்களுக்கு
இது வேண்டும்தான்.

யாக்னாவுக்கு நான்கு வயது, இரண்டு மாதம்.
காதுக்குப் பின்னே பொத்தானளவு காந்தம்.
உள்ளே நத்தைச் சுருளில் பன்னிரண்டு மின்முனைகள்:
தடித்த ஒலிகள் உள்ளறை வரை போகும்,
மெல்லியவை வாசலிலேயே நின்றுகொள்ளும்.

பூத்தையல் வளையத்தில் கட்டிய துணியால்
வாயை மறைத்துச் சொல்கிறாள் ஹால்ஷ்கா.
கோஸ். கூடையைத் தொடுகிறாள் பிள்ளை.
கோஷ். கூடை.
அந்த மூன்றாவது. கூடை.
கேட்காததை எல்லாம் போட்டுவைக்க
கூடையை விட்டால் வேறென்ன இருக்கிறது?

"போன முறை எல்லாம் சரி என்றீர்களே."
தாய் டோப்ராவா இன்னும் கோட்டைக் கழற்றவில்லை.

சரிதான்.
நாலாயிரம் அதிர்வு வரை ஒவ்வொரு கீச்சுக்கும்
தவறாமல் ஒரு மரக்கட்டையைப் பெட்டியில் போட்டாள்.
பேச்சு, கீச்சு அல்லவே.

ஹால்ஷ்கா தாயின் குரலைத் திரையில் விரிக்கிறாள்.
அடியில் ஓகாரம், உழவுசால்போலப் பட்டை பட்டையாக.
உயிருக்குப் பஞ்சமில்லை.
மெய்தான் மேலே, வெகு மேலே,
ஏழாயிரத்தைத் தாண்டி ஒரு சாம்பல் புகை.
பிறகு, பால்வண்டி ஓட்டும் தகப்பன்
கைபேசியில் அனுப்பிய அதே சொல்:
அவன் புகை ஐயாயிரத்திலேயே தங்கிவிடுகிறது.

டோப்ராவா இரண்டு படங்களையும் பார்க்கிறாள்.
"அவர் சொன்னால் பறவையைக் காட்டுவாள்.
நான் சொன்னால் காட்டமாட்டாள்.
என்னிடம் மட்டும் பிடிவாதம் என்று..."
மீதியை அவள் சொல்லவில்லை.
கோட்டின் ஒரு பொத்தானைக் கழற்றி, மறுபடி போட்டாள்.

அக்டோபரில் பன்னிரண்டாம் முனையை அணைத்திருந்தார்கள்,
அது பேசும்போதெல்லாம் குழந்தையின் கண்ணிமை துடித்ததால்.
செய்தது சரி.
ஆனால் அதன் பங்கு நிலத்தை
யார் பெயருக்கும் பட்டா மாற்றவில்லை.
அந்தத் தரிசில் நான்கு மாதமாக
ஒரு தாயின் ஸகரம் விழுந்துகொண்டிருந்தது.

எல்லைக்கல் நகர்கிறது.
பதினொன்றாம் முனைக்கு இனி எட்டாயிரம் வரை.
அக்கம்பக்கத்து முனைகள் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்கின்றன.
பிறகு மின்னோட்டம், ஒரு படி. இன்னொரு படி.
ஹால்ஷ்காவின் கண் திரையில் இல்லை, இமையில்.
இன்னொரு படி. இமை சும்மா இருக்கிறது.
அங்கே நிறுத்துகிறாள்.

யாக்னா அட்டைகளைப் பார்க்கவே இல்லை.
நாற்காலியிலிருந்து இறங்கி
சுவரோரம் வெந்நீர்க் குழாய்முன் குந்திவிட்டாள்.
குழாய் காலையிலிருந்து சீறிக்கொண்டிருந்தது.
எங்கள் யாருக்கும் அது கேட்டிருக்கவில்லை.

அவளைத் திருப்பிக் கொண்டுவரக் கால் மணி நேரமும்
இரண்டு பிஸ்கட்டும் ஆயிற்று.

இப்போது வளையம் தாயின் கையில்.
துணி லேசாக நடுங்குகிறது.
கோஸ்.
விரல் பழக்கத்தில் கூடைக்குப் போகிறது,
கூடைமேல் நிற்கிறது,
பிரம்பைச் சுரண்டுகிறது,
மெதுவாக இடப்பக்கம் நகர்ந்து
மஞ்சள் அலகை மூடிக்கொள்கிறது.

கோஷ். கூடை.

அந்த மூன்றாவது.
கூடை.

"அது ஏப்ரலில்," என்று குறித்துக்கொள்கிறாள் ஹால்ஷ்கா.
அவசரமில்லை. வெளியே
புல் இன்னும் முழங்கால் பனிக்கடியில் கிடக்கிறது.