இரண்டு விரல் இறக்கம்

ருஸ்தாவி கார்ச் சந்தையில் அன்று
மழை விட்டிருந்தது, சேறு விடவில்லை.
இரண்டு வண்டிகளுக்கு நடுவில் நின்றான் நுக்ஸார்,
தங்கையைப் பெண் பார்க்கப் போன இடத்தில்
அக்காளைப் பார்த்துவிட்டவன் மாதிரி.

தங்கை சாம்பல் நிறம், நான்கு வயது.
நாலு சிலிண்டர், நடுத்தர உடம்பு.
அமெரிக்காவில் எங்கோ மோதி
கப்பலேறிப் பொத்தி துறைமுகத்தில் இறங்கி
புது முகம் வைத்துக்கொண்டு வந்தவள்.
விற்கிறவன் அதைச் சொல்லவில்லை.
பானெட் திருகாணிகளில் உரிந்திருந்த பெயின்ட் சொன்னது.

அக்காள் கறுப்பு. பதினாலு வயது.
அந்தக் கம்பெனி தன் மானத்துக்காகச் செய்த வண்டி.
எட்டு சிலிண்டர், காற்றுப் பைகளின்மேல் மிதக்கிற நடை,
பின்சீட்டுக்குத் தனித் திரை,
கதவை ஒரு விரலால் தள்ளினால் போதும்,
மிச்சத்தை அதுவே இழுத்துச் சாத்திக்கொள்ளும்.

இரண்டுக்கும் ஒரே விலை.
அதுதான் வம்பு.

நான் குத்தாயிசியில் ஒரு மாவு மில்லுக்குக்
கணக்கு எழுதுகிறவள். நோட்டோடு வந்திருந்தேன்.
காற்றுப் பை ஒன்று கிழிந்தால் என் ஒரு மாதச் சம்பளம்.
நாலும் சேர்ந்து கிழியாது,
ஒவ்வொன்றாகத்தான் கிழியும்.
அது இன்னும் மோசம்.
"யானையை வாங்கிடலாம் நுக்ஸார்,
தீனிக்கு எங்கே போவது?"

நுக்ஸார் பல் கட்டுகிறவன்.
சாம்பலின் முன்பக்கத்தை விரல் கணுவால் தட்டினான்,
காது வைத்துக் கேட்டான்.
"லாமாரா, இது கட்டின பல்."
"கட்டின பல்லும் மெல்லும்," என்றேன்.
இருபது வருஷமாக அதைச் சொல்லித்தானே
நீ காசு வாங்குகிறாய் என்பதை
வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

கறை பார்க்கிற சாக்கில்
கறுப்பின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.
கதவு தானே சாத்திக்கொண்டது.

சந்தை வாயை மட்டும் அசைத்தது.
ஹாரன் இல்லை, பேரம் இல்லை, நாய் இல்லை.
எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில்
இரண்டு வருஷமாகச் சுவர் துளைக்கிறார்கள்.
அதைக்கூட அப்போதுதான் கேட்டேன்,
இல்லாததால்.
வலப்பக்கத் தோலில் ஒரு மனிதனின் பள்ளம்.
நான் உட்கார்ந்த இடப்பக்கத்தில்
ஒரு சுருக்கம் இல்லை.
பதினாலு வருஷம் பக்கத்தில் ஆளில்லாமலே
போய்வந்திருக்கிறார் யாரோ.
சீட்டுப் பையில்
மன்ஹைம் ஊர்க் கடையொன்றின்
மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணி.
துடைத்துப் பார்த்தேன். நன்றாகவே துடைத்தது.

நோட்டு மடியில் இருந்தது.
ஒரு பக்கத்தைக் கிழித்தால் முடிந்துவிடும்.

இறங்கினேன்.
பத்தடி பின்னால் போய்த் திரும்பிப் பார்த்தேன்,
போகிற நேரத்தில் எல்லாரும் பார்ப்பதுபோல.
இடது பின்சக்கரத்துக்கு மேலே
உடம்பு இரண்டு விரல் இறங்கியிருந்தது.
என் கனத்தால் இல்லை. பழைய இறக்கம்.

"சாம்பல்," என்றேன்.
அவன் ஏன் என்று கேட்கவில்லை.
டாலரை எண்ணும்போது மட்டும்
ஒருமுறை தப்பவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினான்.

வழியெல்லாம் வண்டிதான் பேசிற்று.
பெல்ட், கோடு, வேகம்.
கோரி தாண்டியதும் காப்பிக் கோப்பைப் படம் காட்டி
ஓய்வெடுங்கள் என்றது.
சுராமியில் நிறுத்தி
சாலையோரத்துப் பெண்ணிடம் நாஸுக்கி ரொட்டி வாங்கினோம்.
கிராம்பு மணம், உள்ளங்கையில் சூடு.

அப்போது கறுப்பு கடந்து போயிற்று.
யாரோ ஒரு இளைஞன், ஜன்னலுக்கு வெளியே முழங்கை.
பின்சீட்டில் ஆளில்லை.
திரை மட்டும் பாதி ஏறி நின்றிருந்தது.

நுக்ஸார் வளைவுவரை பார்த்தான்.
ரொட்டியைப் பிய்க்காமலே சொன்னான்:
"இடது பின்பக்கம் இறங்கியிருக்கு.
கவனிச்சியா?"

"இல்லையே," என்றேன்.

ரிக்கோத்தி சுரங்கம் வருகிறவரை
காற்றுப் பை எப்படிக் கிழியும், ஏன் கிழியும்,
கிழிந்தால் என்ன செலவு என்று
எனக்கு விளக்கிக்கொண்டே வந்தான்.
ஜன்னல் ரப்பரில் எங்கோ மெல்லிய விசில்.
அதற்கு மேல் குரலை உயர்த்திப் பேசினான்.
நானும் உயர்த்தி, ஓஹோ, ஓஹோ என்றேன்.