நாற்பத்தொன்று

என் வேலை புதைப்பது.
தோண்டுவது நடிகர்கள் பாடு.

காக்காயந்தோப்பில் ஆற்றோரம்
ஒரு மாந்தோப்பை இருபது நாளுக்கு வாடகை பேசி
ஒன்பதடிக் குழி வெட்டினோம்.
நிஜ இடம் அந்தப் பக்கம், வேலிக்குள்,
அரசாங்கப் பலகைக்குப் பின்னால்;
அங்கே ஒரு முளைக்குச்சி அடிக்கவும் விடமாட்டார்கள்.
ஆகவே இரண்டாயிரம் வருஷத்தை
நான்தான் அடுக்கவேண்டி வந்தது:
அடியில் லாரி மணல்,
அதன்மேல் செங்கல் தூள், கரி, உமிச்சாம்பல்,
பண்ருட்டியில் சொல்லிச் செய்து
நானே உடைத்த சாடிகள்,
எல்லாவற்றுக்கும் மேலே
நாவலின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.

அந்தப் பக்கத்தில்தான் மணி கிடைக்கிறது.
கூலிப்பெண் ஒருத்தி எடுத்துக் கொடுக்கிறாள்.
அவளுக்கு அந்த ஒரு வரி.
அடுத்த வரியிலிருந்து எட்டுப் பக்கம்
துரை யோசிக்கிறார்.

துரையாக நின்றவர்
ஆரோவில்லில் ரொட்டி சுடும் இத்தாலிக்காரர்.
தொப்பி பத்தாமல் பின்னால் கிழித்து ஊசி குத்தியிருந்தோம்.
கூலிப்பெண்ணாக வந்தவள் பச்சைவாழி,
பக்கத்துத் தெரு,
ஐந்நூறு ரூபாய், மதியச் சாப்பாடு.
வளையலைக் கழற்றினாள்.
மூக்குத்தியைத் தொடவிடவில்லை.
"அந்தக் காலத்துல மூக்குத்தி இல்லியா?"
யாருக்கும் தெரியவில்லை. விட்டுவிட்டோம்.

மணிகள் பாப்பாநாயுடுபேட்டையிலிருந்து, கிலோ கணக்கில்.
நாற்பதை எண்ணிப் பதித்திருந்தேன்.
ஏழாவது டேக்கில்
க்ளோஸ்-அப்புக்கு வைத்திருந்த சிவப்பு மணியைக் காணோம்.
இயக்குநர் மைக் இல்லாமலேதான் கேட்டார்,
அக்கரையில் கொக்குகள் எழுந்தன.
வெளிச்சம் இன்னும் கால்மணி நேரம்.

பச்சைவாழி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.
ஒரு சாவி, இரண்டு பத்து ரூபாய்க் காசு,
ஒரு சிவப்பு மணி.
"இது ஆவுமா பாரு.
மழ வுட்டா ஆடு ஓட்டற வழியெல்லாம் கெடக்கும்.
புள்ளைங்க பொறுக்கும்."

மானிட்டரில் பார்த்த இயக்குநர் உதட்டைப் பிதுக்கினார்.
"பழசு மாதிரி தெரியலையே.
கொஞ்சம் அழுக்காக்குய்யா."

டீ டிக்காஷனில் முக்கி
கரித்தூளில் உருட்டி
இரண்டாயிரம் வயதுக்காரியைப்
பழசாக்கினேன்,
ஹேர் டிரையரில் காயவைத்து.
ஷாட் ஓகே.

விளக்கு அணைத்தபின் சல்லடையடியில்
காணாமல் போனதும் வந்து நின்றது.
நாற்பத்தொன்று.

பிஸ்கட் டப்பா மூடியில் சிவப்புகளை மட்டும் பிரித்தேன்: பதினொன்று.
என் உதவியாள் ஜெரோம், நல்ல பையன்,
எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தான்.
பதினொன்றும் ஒரே உலையில் பிறந்ததுபோல் கிடந்தன.
கண்ணாடியைக் குழலாக இழுத்து
நறுக்கி
சூட்டில் முனை மழுக்குகிறார்கள் பேட்டையில்;
இந்த ஆற்றங்கரையிலும் அப்படித்தான் செய்தார்களாம்.
அப்படியானால் போலி என்று
எதைச் சொல்லி விலைச்சீட்டு வாங்கினேன்?

பச்சைவாழி அவசரத்தில் இருந்தாள், ஆடு கட்டவில்லை.
ஒன்றை எடுத்து டார்ச்சுக்கு எதிரே பிடித்தாள், வைத்தாள்.
இன்னொன்றை எடுத்து நகத்தால் துளையைச் சுரண்டினாள்.
முடிந்துகொண்டாள்.
"அதுதான்னு தெரியுமா?"
"தெரியாம?"
சொன்ன விதத்தில் சிரிப்பு இருந்ததா
என்று பிடிபடுவதற்குள் தோப்பைத் தாண்டிவிட்டாள்.

பதிவேட்டில், பாசிமணி என்பதற்கு நேரே:
கொடுத்தது நாற்பது, திரும்பியது நாற்பது.
மேனேஜர் கையெழுத்திட்டார்.
இத்தனை சுத்தமான கணக்கை
அந்தப் படத்தில் நான் வேறெதிலும் காட்டவில்லை.

குழியை மூடித்தர வேண்டும் என்பது தோப்புக்காரரின் நிபந்தனை.
மூடினோம்.
சாடித் துண்டுகளை முழுசாகப் பொறுக்கினோமா
என்றால், மழை வந்துவிட்டது.

படம் வந்தது. கடலூரில் போய்ப் பார்த்தேன்.
அவள் கை நான்கு விநாடி,
மூக்குத்தி வரவேயில்லை.
பிறகு துரை யோசிக்கிறார்.

டப்பா இப்போது வடபழனிக் கிடங்கில்.
போன மாதம் ஒரு துணிக்கடை விளம்பரத்துக்கு
ஒரு பிடி மணி கேட்டார்கள்.
அள்ளிக் கொடுத்தேன்.
எண்ணவில்லை.